அடிச்சாச்சு, இனிமே பேசலாம்

ஒரு தடவையாவது கைகலக்காமல் யாரும் அக்காவுக்கு நெருக்கமானதில்லை. நானும் அப்படித்தான் உள்ளே போனேன். வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதம் அவளை ஓங்கி அறைந்தேன். அடுத்த வாரம் என்னைத் தொழிலில் கூட்டாளியாகச் சேர்த்துக்கொண்டாள். அவள் கையால் அடிபட்டவர்கள் இன்றும் புனேயின் கோர்படிப் பக்கம் அவள் பேரைச் சொல்லித் தழும்பைத் தடவிக்கொள்வார்கள். அங்கே ஓடுகிற ஓடையில் இப்போது பாதிதான் மிச்சம். அந்தப் பாதியும் அக்கா ஒரே ஒருவனை அடிக்காமல் விட்டதால் மிஞ்சியது.

ரயில்வே காலனிக்குப் பின்னால், அந்த ஓடையை ஒட்டித்தான் அக்காவின் லாண்டரி. ஓட்டல்களிலிருந்து படுக்கை விரிப்புகளும் துண்டுகளும் மூட்டை மூட்டையாக வந்து இறங்கும். தொண்ணூறுகளின் நடுவில், கல்யாணமாகிக் கும்பகோணத்திலிருந்து புனேக்கு வந்திருந்தேன். கணவருக்கு ரயில்வேயில் வேலை. ஓரளவு ஹிந்தி தெரியும் என்பதால் ஓட்டல்காரர்களோடு போனில் பேசுகிற வேலை எனக்குக் கிடைத்தது. அக்கா பாலாற்றங்கரைக்காரி. அவள் கணவர் ராணுவ ஸ்டோரில் இருந்து ஓய்வு பெற்றவர். அதிர்ந்து பேசத் தெரியாத மனிதர், எங்களுக்கெல்லாம் அண்ணன். மராத்தியிலும் அக்கா என்றால் அக்காதான் என்பதால், அந்தக் கரையில் அவளுக்கு வேறு பெயரே வேண்டியிருக்கவில்லை. அன்பாகப் பேசத் தமிழ், வியாபாரத்துக்கு ஹிந்தி, சண்டைக்கு மராத்தி என்று வைத்திருந்தாள்.

நான் அறைந்த கதையைச் சொல்லிவிடுகிறேன். இஸ்திரி போடும் பெண் ஒருத்தி ஓட்டல் விரிப்பைக் கருக்கிவிட்டாள். அக்கா பாய்ந்து வந்து அவள் கொண்டையைப் பிடித்து இழுத்து முதுகில் குத்தினாள். அந்தப் பெண் தடுமாறிச் சூடான இஸ்திரிப் பெட்டியின் மேல் சாய்ந்ததில் முழங்கை வெந்துபோனது. அவள் அலறியதும் எனக்குக் கண்மண் தெரியவில்லை. நடுவில் புகுந்து அக்காவின் கன்னத்தில் விட்டேன். மூக்குத்தி இழுபட்டு மூக்கில் ரத்தம் வந்தது. அன்றோடு வேலை போயிற்று என்று நினைத்துக்கொண்டு பையை எடுக்கப் போனேன்.

அக்கா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரு ஸ்டூலைக் காலால் என் பக்கம் தள்ளினாள்.

"அடிச்சாச்சு இல்ல? இனிமே பேசலாம். குந்து."

"என்ன பேசணும்? இவங்க மேல இனிமே கை வைக்கக் கூடாது."

"சரி. வேற இன்னா?"

"மேசை எல்லாம் பழசு. மேல போட்டிருக்கற கம்பளி தேஞ்சு போச்சு. துணி கருகத்தான் செய்யும். புதுசு வாங்கணும்."

"வாங்கு. இந்தக் கூடம் இனிமே உன்னுது. கூட்டா சேந்துக்கோ."

விளையாட்டுக்குச் சொல்கிறாள் என்று நினைத்தேன். சேர்த்தே விட்டாள். கூட்டாளி என்றால் வருகிற லாபத்தில் ஒரு பங்கு. லாண்டரியிலிருந்து ஓடையில் விடுகிற தண்ணீரைப் பற்றிப் பேச ஒரு குரல். அந்த இஸ்திரிப் பெண்ணைத் தானே ஆட்டோவில் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனாள். அதற்குப் பிறகு அந்தக் கூடத்துப் பெண்கள் யார்மீதும் அவள் கை பட்டதில்லை. மற்றவர்கள் விஷயம் வேறு.

ஏன் இப்படி என்று ஒருநாள் கேட்டேன். பாவ் ரொட்டியைப் பிட்டுப் பச்சை வெங்காயத்தோடு மென்றுகொண்டிருந்தாள். அவளுக்கு அதுதான் மதியச் சாப்பாடு.

"நல்லாப் பேசறவன் உள்ள இன்னா வச்சிக்கினு இருக்கான்னு எப்டிம்மே தெரியும்? அடிக்கும்போது ஒருத்தனும் பொய் சொல்ல மாட்டான். எதுக்குக் கோவப்படறான், எதுக்குப் பயப்படறான், எல்லாம் வெளிய வந்துடும். அப்பால அவனோட பொழைக்கலாம்."

இதில் எனக்குப் பாதி சம்மதம், பாதி இல்லை. இன்றுவரை அப்படித்தான்.

சண்டைக்கு முன்னால் அவள் தவறாமல் செய்கிற காரியம் ஒன்று உண்டு. மூக்குக் கண்ணாடியைக் கழற்றி அண்ணனிடம் நீட்டுவாள். அண்ணன் உள்ளங்கையை விரித்து வாங்கிக்கொண்டு, சண்டை முடிகிறவரை ஓரமாக நிற்பார். கண்ணாடி இல்லாமல் அவளுக்கு எதிராளியின் முகம் சரியாகத் தெரியாது. தெரியாமல் இருப்பதே நல்லது என்பாள். அவள் கை கண்ணாடிக்குப் போனதுமே விவரம் தெரிந்தவர்கள் பின்வாங்கிவிடுவார்கள்.

அப்படிப் பின்வாங்கத் தெரியாத முதல் ஆள் சகாராம். ஓடைக் கரையில் தலைமுறையாக எருமை வைத்திருப்பவர். அது நான் வருவதற்கு முன்னால் நடந்தது. இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டிருக்கிறேன். லாண்டரி தொடங்கிய புதிதில் அக்காவும் எல்லோரையும் போல பிளீச்சிங் தண்ணீரை அப்படியே ஓடையில் திறந்துவிட்டாள். அதைக் குடித்து சகாராமின் கன்று ஒன்று செத்தது. அவர் மூங்கில் தடியோடு வந்து தொட்டிகளை உடைத்தார், தடுக்க வந்த அக்காவின் நெற்றியைப் பிளந்தார். அக்கா ஈர விரிப்பு ஒன்றை முறுக்கி அவர் முகத்தில் வீசினாள். முறுக்கிய ஈரத் துணி என்ன செய்யும் என்பது சலவைக்காரர்களுக்குத் தெரியும். சகாராமின் முன்பல் இரண்டும் போயின. அவர் கதையில் அவர் கீழே விழவே இல்லை. அக்கா கதையில் விழுந்து உருண்டார்.

மறுநாள் நெற்றியில் தையலோடு அக்கா அவர் கொட்டிலுக்குப் போனாள். கன்றை இன்னும் புதைத்திருக்கவில்லை. அதன் வாயோரம் வெந்து தோல் உரிந்திருந்தது. அக்கா அதைப் பார்த்துக்கொண்டே வெகுநேரம் உட்கார்ந்திருந்தாளாம்.

"எங்க ஊர்ல தோல் பதப்படுத்துற தண்ணி கிணத்துல எறங்கி, கால் வச்சா அரிக்கும்மே," என்று என்னிடம் சொன்னாள். "அங்கிருந்து ஓடியாந்துட்டு, இங்க நானே அதச் செஞ்சிருக்கேன். அந்தாளு பல்லை எடுத்துட்டேன், எந்த மூஞ்ச வச்சிப் பேசறது?"

ஆனாலும் பேசினாள். "அடிச்சாச்சு, இனிமே பேசலாம்" என்பதை மராத்தியில் முதலில் கேட்டவர் சகாராம்தான். "மார்லா, ஆதா போலூ" என்று பொக்கை வாயோடு அவர் சொல்லிக் காட்டுவார். அந்தப் பேச்சிலிருந்துதான் எல்லாம் வந்தது. கரையில் தன் நிலத்தில் ஒரு பட்டையை சகாராம் விட்டுக்கொடுத்தார். பிளீச்சிங் தண்ணீரைத் திறந்த தொட்டியில் வெயிலில் நிறுத்தி, பிறகு அந்தப் பட்டையில் கல்வாழையும் கோரையும் நட்ட படுகை வழியாக மெதுவாக இறக்கினார்கள். எருமைச் சாணத்தில் கோபர் கேஸ் எடுத்து லாண்டரிக்கு வெந்நீர். சாணக் கரைசல் தீவனப் புல்லுக்கு. அந்தப் புல் எருமைக்கு. அவர் எருமை நன்றாக இருந்தால்தான் அக்காவுக்கு வெந்நீர். அக்கா தண்ணீர் நன்றாக இருந்தால்தான் அவர் எருமைக்குப் பால். ஒருவர் கழுத்து ஒருவர் கையில்.

விட்டலின் சண்டை என் கண்ணெதிரே நடந்தது. அவன் லாரி டிரைவர். நகரில் இடிக்கிற பழைய வீடுகளின் செங்கல்லையும் சுண்ணாம்பையும் விடிகாலையில் கொண்டுவந்து ஓடையில் கொட்டுவான். அப்படிக் கொட்டிக் கொட்டியே புனேயில் எத்தனை ஓடைகள் மேலே வீடு முளைத்துக் காணாமல் போயின. ஒருநாள் லாரியின் பின்பக்கம் தூக்கிக்கொண்டிருக்கும்போது அக்கா ஓடிப்போய் படியில் ஏறி அவன் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டாள். அவன் ஜாக்கி ராடை எடுத்து அவள் தொடையில் இறக்கினான். எலும்பில் பட்ட சத்தம் எனக்குக் கேட்டது. அக்கா நொண்டிக்கொண்டே உள்ளே ஓடினாள். பயந்து ஓடுகிறாள் என்று நினைத்தேன். கொதிக்கிற வெந்நீர் வாளியோடு திரும்பி வந்தாள்.

விட்டல் குறுக்கே நீட்டிய கையில் தோள்பட்டைவரை தோல் வழன்று வந்தது. அவன் ஓடையில் விழுந்து புரண்டு கத்தினான். இதை வீரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வரும். அன்று நான் அக்காவைத் திட்டிய திட்டுக்கு வேறு முதலாளியாக இருந்தால் துரத்தியிருப்பாள். அவள் அதைக் கேட்டுக்கொண்டே தொடை வீங்கிய காலோடு அவனை ஆட்டோவில் ஏற்றி, ஆஸ்பத்திரியில் அவன் பக்கத்திலேயே இருந்தாள். கட்டுப் போட்டு முடித்ததும் அந்த வாக்கியத்தைச் சொன்னாள். விட்டல் அவள் முகத்தில் துப்பினான். துடைத்துக்கொண்டு மறுநாளும் போனாள். அதற்கு மறுநாளும் போனாள். அவன் பேச ஒரு மாதம் ஆயிற்று.

பேசினபோது அவன் கேட்டது நியாயமான கேள்வி. "கொட்டச் சொல்கிற இடத்தில் கொட்டுகிறேன். எனக்கு வேறு எங்கே இடம்?" அக்காவுக்கு அது வேண்டியிருந்தது. படுகைக்கு அடியில் போட உடைந்த செங்கல் வேண்டும். ஓடைக் கரை அரிக்காமல் கட்டக் கல் வேண்டும். லாண்டரி முற்றத்தில் அவன் கொட்டினான், இஸ்திரிக் கூடத்துப் பெண்கள் முறை போட்டுப் பொறுக்கிப் பிரித்தார்கள். நல்ல செங்கல்லை வீடு கட்டுகிறவர்கள் வாங்கிப் போனார்கள். மற்ற டிரைவர்களும் வர ஆரம்பித்தார்கள். விட்டலின் கை கடைசிவரை முழுதாக நீளவில்லை. அந்தக் கையாலேயே ஸ்டியரிங் பிடித்துக்கொண்டு, அக்காவைப் பார்த்தால் ஹாரன் அடிப்பான்.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்களில் ஓடையில் தவளைச் சத்தம் திரும்பிவிட்டது. காலனிக் கிணற்றுத் தண்ணீரில் நுரை வருவது நின்றது. காலேஜ் பிள்ளைகள் வந்து போட்டோ எடுத்தார்கள். 'சுற்றுச்சூழல் கூட்டு முயற்சி' என்று யாரோ எழுதினார்களாம். அக்காவிடம் படித்துக் காட்டினேன். "அடிதடின்னு போடலியா?" என்று கேட்டாள்.

அப்போதுதான் அந்தத் தமிழர் வந்தார். ஓடைக்கு மேல்பக்கம் அடுக்குமாடி கட்ட வந்த கம்பெனியில் பெரிய பதவி. இஸ்திரி கலையாத சட்டை, மெல்லிய குரல். லாண்டரிக் கதவருகே செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே வந்தார்.

"நானும் பாலாத்தங்கரைதாம்மா. பேச்சைக் கேட்டதுமே தெரிஞ்சிடுச்சு."

அக்காவின் முகம் மலர்ந்ததை அன்றுதான் பார்த்தேன். வீட்டுக்குக் கூட்டிப்போய் ரசமும் அவரைக்காய்ப் பொரியலும் போட்டாள். அவர் தட்டைத் தானே கழுவி வைத்தார். ஊர்த் தெருக்கள், தேர், ரயில் கேட் என்று பேசிப் பேசி இரண்டு பேரும் சிரித்தார்கள். புனேயில் இத்தனை வருடம் இருந்தும் அவள் பேச்சை அப்படியே பேசுகிற ஒருவரை வீட்டுக்கு வெளியே பார்த்ததில்லை அவள். எனக்கே சற்றுப் பொறாமையாக இருந்தது. கும்பகோணத்துத் தமிழ் அவளுக்கு அவ்வளவு இனிக்கவில்லை போலும்.

அவர் கொண்டுவந்த யோசனையும் அழகாகத்தான் இருந்தது. கம்பெனியும் லாண்டரியும் சேர்ந்து படுகையை ஓடை நெடுக நீட்டுவது. மரம் நடுவது. அடுக்குமாடித் தண்ணீரையும் கல்வாழையில் வடித்து விடுவது. அதற்கு இயந்திரம் உள்ளே வர வேண்டும். ஓடைக்கு இயந்திரம் போக எங்கள் முற்றத்தை விட்டால் வேறு வழி இல்லை.

சகாராம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "இவனோடு சண்டை போட்டாயா, அக்கா?"

"இல்ல."

"அப்புறம் எப்படிக் கூட்டாளி?"

"நம்மாளு. எங்க ஊரு," என்றாள் அக்கா. அதை மராத்தியில் சொல்லும்போதே அவள் குரலில் ஒரு பெருமை இருந்தது. அவளுடைய ஒரே சட்டத்தை அவளே மீறினாள், ஒரு பாஷைக்காக. என்னைக் கேட்டிருந்தால் நானும் சரி என்றுதான் சொல்லியிருப்பேன். வெளியூரில் தமிழ்க் குரல் கேட்டால் கதவு தானாகத் திறந்துகொள்கிறது நமக்கு. முற்றத்தின் கேட்டைக் கழற்றி, கம்பி வேலியைப் பிடுங்கி, வழியை அகலமாக்கிக் கொடுத்தாள்.

ஒரு காலை, பெரிய ஜேசிபி ஒன்று அந்த வழியே வந்தது. பின்னால் ராட்சதக் குழாய்களும் ஆட்களும். அது படுகையை நீட்டவில்லை. கல்வாழையை வேரோடு வாரி எடுத்தது, தொட்டியை நொறுக்கியது, கோபர் கேஸ் குழாயைப் பிய்த்ததில் சாணக் கரைசல் முற்றமெங்கும் பீறியடித்தது. ஓடையைக் குழாய்க்குள் அடைத்து, மேலே மண் போட்டு, அடுக்குமாடிக்குச் சாலை போடப் போகிறார்களாம். பத்து வருடத்துத் தண்ணீர், எருமைகள், இஸ்திரிக் கூடம், எல்லாம் அந்தச் சாலைக்கு அடியில் போக வேண்டியதுதான்.

அக்கா கண்ணாடியைக் கழற்றி அண்ணனிடம் கொடுத்தாள்.

அதற்குப் பிறகு நடந்ததை வரிசையாகச் சொல்ல எனக்குத் தெரியாது. கம்பெனி கூட்டி வந்திருந்த ஆட்களிடம் இரும்புக் கம்பிகள் இருந்தன. அக்கா முறுக்கிய விரிப்பால் ஒருவன் தாடையைப் பெயர்த்தாள். அவள் தோளில் கம்பி விழுந்து காரை எலும்பு முறிந்தது. இஸ்திரிப் பெண்கள் மரக்கட்டைகளோடு வந்தார்கள். முன்னொருநாள் முழங்கை வெந்தவள் ஒருவன் மணிக்கட்டைக் கடித்துச் சதையோடு எடுத்தாள். நானும் அடித்தேன். யாரை, எங்கே என்று தெரியாமல் செங்கல்லை எடுத்து எடுத்து அடித்தேன். சகாராம் ஜேசிபியின் வாளிக்கு முன்னால் தடியோடு நின்றார். பக்கத்தில் இருந்து வீசிய கம்பி அவர் கண்ணில் இறங்கியது. கையால் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்தார். விரல் இடுக்கில் ரத்தம் வழிந்தது. அப்படியும் அந்த இடத்தைவிட்டு நகரவில்லை அந்த மனிதர்.

அப்போது ஹாரன் சத்தம் கேட்டது. விட்டல் லாரியைக் கொண்டுவந்து வழியில் குறுக்கே நிறுத்திச் சாவியை ஓடையில் வீசி எறிந்தான். அவனுக்குப் பின்னால் மற்ற டிரைவர்களும் செங்கல் லோடோடு வந்து ஜேசிபியைச் சுற்றி ஒன்றையொட்டி ஒன்றாக நிறுத்தினார்கள். ஜேசிபி முன்னேயும் போக முடியாமல் பின்னேயும் போக முடியாமல் நின்றது. பாதி ஓடை மண்ணுக்குள் போயிருந்தது. பாதி ஓடிக்கொண்டிருந்தது.

மூன்று நாள் லாரிகள் நகரவில்லை. அதற்குள் பத்திரிகைக்காரர்கள் வந்துவிட்டார்கள், மாநகராட்சி ஆட்கள் வந்து தகராறு தீரும்வரை வேலையை நிறுத்தச் சொன்னார்கள். அக்காவே சமாதானமாகி லாரிகளை எடுக்கச் சொன்னால் ஒழிய கம்பெனிக்கு வழியில்லை என்றாயிற்று. அன்று மத்தியானம் அந்தத் தமிழர் ஆஸ்பத்திரிக்கு வந்தார்.

அக்கா கட்டிலில் சாய்ந்திருந்தாள், இடது தோளில் கட்டு. பக்கத்துக் கட்டிலில் ஒரு கண்ணை மூடிக் கட்டிய சகாராம். அந்தக் கண் இனி இல்லை என்று காலையில்தான் சொல்லியிருந்தார்கள். கால்மாட்டில் விட்டல். அண்ணனும் நானும் ஸ்டூலில். வந்தவர் செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, ஆப்பிள் பையை மேசையில் வைத்தார்.

"எனக்கே தெரியாம மேல இருக்கறவங்க செஞ்சிட்டாங்கம்மா. என் மேல உங்களுக்குக் கோவம் இருக்கும். நியாயந்தான்."

அவர் ஓர் அடி கட்டில் பக்கம் வந்தார்.

"நீங்க அடிச்சவங்க எல்லாரும் உங்களோட கூட்டாளி ஆயிட்டாங்கன்னு கரையே சொல்லுது. நம்ம ரெண்டு பேருக்குள்ள அதுதாம்மா நடக்காமப் போச்சு." அவர் குனிந்து கன்னத்தைக் காட்டினார். "ஒரு அறை விட்டுடுங்க. மனசு ஆறட்டும். அப்புறம் ஒக்காந்து பேசி, லாரியை எடுத்துடலாம். நம்ம ஊர்க்காரங்களுக்குள்ள என்ன?"

அக்காவின் வலது கை நன்றாகத்தான் இருந்தது. அதை உயர்த்திக் கண்ணாடியைக் கழற்றினாள். அண்ணன் பழக்கத்தில் உள்ளங்கையை நீட்டினார். விட்டல் எழுந்து நின்றான். சகாராம் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தார். அடி, அடித்துக் கொன்றுபோடு என்று என் மனசு கத்தியது.

அக்கா கண்ணாடியைப் போர்வை நுனியில் துடைத்தாள். இரண்டு பக்கமும் நிதானமாகத் துடைத்து, மறுபடி போட்டுக்கொண்டு, அந்த முகத்தை நன்றாகப் பார்த்தாள். அண்ணனின் கை வெறுமனே நீண்டிருந்தது.

"இவன அடிக்க மாட்டேம்மே," என்றாள் என்னிடம்.

"ஏன்க்கா?"

"அடிச்சா, அப்பால பேசணும்."